எடைக்காரர் நிற்கும் பலகை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் என் வீட்டுக்காரரை நெல் எடை போடும் மேடையில் ஏற்றி இறக்கிவிட வேண்டும். ஏழுக்கு மேல் டிராக்டர்கள் வந்து வரிசை கட்டிவிடும். மாசி மாதம், சம்பா அறுவடையின் கடைசி. அந்த நேரத்தில் மனிதரை எடை போட மில்லில் யாருக்கும் பொழுது இருக்காது.

வீட்டிலிருந்து மில்லுக்கு வாய்க்கால் கரையோடு முக்கால் கிலோமீட்டர். சக்கர நாற்காலியை நான்தான் தள்ளுவேன். ரோடு என்று பெயர்தான்; அறுவடை மெஷின் ஏறி இறங்கி ஜல்லியெல்லாம் பல்லைக் காட்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தலை ஒரு பக்கமாகச் சாயும். நிறுத்தி, நிமிர்த்தி, வாயோரம் வழிவதைத் துடைத்து, மறுபடி தள்ளுவேன். அந்த ரோட்டைப் போட்ட புண்ணியவானை வாரம் ஒரு முறை வாய் நிறையத் திட்டுவேன். எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அதுதான்.

ஏறி நின்று பார்க்கிற எடை மெஷின் அவருக்கு உதவாது. நிற்க முடிந்தால்தானே. அதனால் மில்லின் எடைமேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவோம். நானும் அண்ணாதுரையும் இரண்டு பக்கமும் பிடித்து அவரை அதில் உட்கார வைப்போம். நான் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நிற்பேன். சிவப்பு எண் ஆடி ஆடி நிற்கும். நாற்காலிக்கு இரண்டே முக்கால் கிலோவைக் கழித்து அண்ணாதுரை உரக்கச் சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மேடையில் முப்பது வருஷம் எடைக்காரராக இருந்தவர் என் வீட்டுக்காரர்தான். அண்ணாதுரை அவருக்குக் கீழே மூட்டை தூக்கியவர். இளையபெருமாள் என்று பெயர் சொன்னால் பக்கத்து ஊர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பலகைக்காரர் என்றால் தெரியும்.

எடை போடுகிறவர்களின் காலில் ஒரு வித்தை உண்டு. நெல் வாங்கும்போது மேடையின் விளிம்பைக் கட்டைவிரலால் லேசாக நெம்பினால் எடை குறையும். தவிடு விற்கும்போது அதே விரலை மேலே வைத்து அழுத்தினால் கூடும். மூட்டை மறைவில் கால் யாருக்கும் தெரியாது. இவர் மேடைக்கு மூன்றடி தள்ளி ஒரு மரப்பலகையைப் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு காலையும் அந்தப் பலகை மேல் வைத்து நின்றுதான் எடையைக் கூவுவார். "கால பாத்துக்கங்க, எடைய கேட்டுக்கங்க" என்பார். முதலாளிக்கு முதலில் பிடிக்கவில்லை. அந்தப் பலகையைப் பார்த்தே கூட்டம் சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஐப்பசியில், தீபாவளி முடிந்த மறுவாரம், அந்தப் பலகை மேலேயே சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது இரண்டே சொல். 'சரி' ஒன்று, 'ஐயோ' ஒன்று. மில் முழுக்கக் கேட்கும்படி எண்ணைக் கூவிய வாய் அது. சாப்பிடலாமா என்றாலும் சரி, மூத்திரம் வருகிறதா என்றாலும் சரி.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் மூக்கில் டியூப் போட்டு அதன் வழியாகத்தான் ஆகாரம் கொடுத்தார்கள். விழுங்குகிற தசையும் விழுந்துவிட்டது என்றார் டாக்டர். இவர் மூன்று தடவை டியூபைப் பிடுங்கிப் போட்டார். நான்காவது தடவை நல்ல கையைக் கட்டிலோடு துணியால் கட்டிவிட்டார்கள். வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கட்டிய கையோடு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

மார்கழி பிறந்ததும் டியூபை எடுத்தார்கள். வாய்வழியே கொடுக்கலாம் என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் செய்த முதல் காரியம் கஞ்சி வைத்தது. முடியாதவருக்குக் கஞ்சி, அதுவும் தண்ணீராக, நொய்யரிசியில். நெல் விளைகிற ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கஞ்சி கொடுத்தேன். ஒவ்வொரு டம்ளருக்கும் கண் பிதுங்க இருமினார். இருமல் சளியால் என்று நினைத்துத் தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தேன். அதற்கும் இருமினார்.

எழில்மொழி வந்தது அப்போதுதான். பிசியோதெரபி படித்த பெண், இருபத்தாறு வயது இருக்கும். மன்னார்குடிக்காரி, கல்யாணமாகிக் குத்தாலத்தில் இருக்கிறாள். செவ்வாயும் சனியும் ஸ்கூட்டியில் வருவாள். முதல் நாள் நான் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்துவிட்டு டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"தண்ணியா குடுத்தா அது நுரையீரலுக்குப் போகும்மா. அதான் இருமுறாரு. கெட்டியா, கரண்டிய சாச்சா ஒழுகாம விழற பதத்துல குடுக்கணும். அது மட்டும் இல்ல, இந்தக் கஞ்சில என்னம்மா இருக்கு?"

"அரிசி இருக்கு."

"அரிசி கழுவுன தண்ணிதான் இருக்கு. மூளை மறுபடி கைய கால அசைக்கக் கத்துக்கணும். அதுக்குத் தசை வேணும். தசைக்கு முட்ட வேணும், பருப்பு வேணும், மீனு வேணும், தயிரு வேணும். நான் எக்சர்சைஸ் குடுக்கக் குடுக்க, நீங்க உள்ள போடலன்னா, உடம்பு அவரோட தசையையே எடுத்துச் சாப்புட்டுரும்."

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் தமிழ்நிலாவை விடச் சின்னவள் என் சமையலைக் குறை சொல்கிறாள். ஆனால் அன்று மத்தியானம் அவள் சொன்னபடி பருப்பைக் குழைய வேக வைத்து, முட்டையை மசித்து, சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். அவர் ஒரு தடவை கூட இருமவில்லை.

அன்றிலிருந்து என் பொழுது அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் போயிற்று. நாலு வேளை. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, "தாடைய நெஞ்சுல வச்சு முழுங்குங்க" என்று ஒவ்வொரு கரண்டிக்கும் சொல்ல வேண்டும். வலது கன்னத்தில் சோறு அப்படியே தங்கிவிடும். விரலை விட்டு எடுக்க வேண்டும். அரைக் கிண்ணம் போவதற்குள் அவர் களைத்துவிடுவார். கண் செருகிவிடும். மீதியை நாய்க்குக் கொட்டுவேன். விரால் மீன் வாங்கி முள்ளெடுத்தாலும் அப்படித்தான், வடிகட்டிய தயிர் கொடுத்தாலும் அப்படித்தான். ஓசூரில் கம்பெனி வேலை செய்கிற தமிழ்நிலா ஒரு டப்பா சத்து மாவு அனுப்பினாள். தினமும் போனில், "பவுடர் கலக்குனியாம்மா?" என்று கேட்பாள். கலக்குவது சுலபம், இறக்குவதுதான் பாடு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது.

டாக்டர் உப்பைப் பற்றியும் சொல்லியிருந்தார். பிரஷர்தான் இத்தனைக்கும் காரணம் என்றார். அன்றே உப்பு ஜாடியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். எனக்கென்று தனியாகச் சமைக்கத் தெம்பில்லை. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பேன், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நின்றபடியே நாலு வாய். சில நாள் அதுவும் கிடையாது.

தை மாதம் தஞ்சாவூரில் மறுபடி காட்டியபோது, வாராவாரம் எடை எழுதச் சொல்லியிருந்த டாக்டர் நோட்டைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பது தொள்ளாயிரம், நாற்பத்தொன்பது அறுநூறு என்று இறங்கிக்கொண்டே வந்தது. விழுவதற்கு முன்னால் அறுபத்து மூன்று கிலோ இருந்த மனிதர்.

"நாப்பத்தெட்டுக்குக் கீழ எறங்குனா யோசிக்கவே கூடாதும்மா. வயித்துல சின்னதா ஒரு வழி போட்டு டியூப் வச்சிரலாம்" என்றார்.

இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு அழுதார். "பக்கவாதம் வந்தவங்க சட்டுனு அழுதுருவாங்க, பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ். எனக்குத் தெரியும் அவர் எதற்கு அழுகிறார் என்று. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை உங்கள் கையைக் கட்ட விடமாட்டேன் என்று சொன்னேன். அவர் சரி என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மில்லில் அண்ணாதுரையிடம் சொல்லி அழுதேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டியூப்புலாம் வேண்டாம் அண்ணி. எங்கப்பா மூக்குல டியூப்போடதான் போனாரு. நீங்க கவலப்படாதீங்க, அண்ணனுக்கு ஏறும்."

ஏறத்தான் செய்தது. அன்றைக்கே ஐம்பது இருநூறு. அடுத்த வாரம் ஐம்பது எண்ணூறு. அதற்கடுத்து ஐம்பத்தொன்று ஐந்நூறு. சந்தோஷத்தில் நோட்டில் எழுதியதையே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். கோயிலுக்குப் போக நேரமில்லாததால் அடுப்படியிலேயே நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

எழில்மொழிக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர்ம்மா! இனிமே தெம்பா நிக்க வைக்கலாம்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பயிற்சி ஆரம்பித்தாள். முதலில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பிறகு மூன்று தடவை. நான் முட்டிக்கு முட்டு கொடுத்துக் காலடியில் உட்கார்ந்திருப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். வேர்வை என் உச்சந்தலையில் சொட்டும். நின்று முடித்தால் மத்தியானம் வரை தூங்குவார். எழுப்பி ஊட்டினால் நாலு கரண்டியோடு சரி.

இதற்கு நடுவில் அவர் இடுப்பில் அரைஞாண் கயிறு ஒன்று இருந்தது. குளிப்பாட்டும்போது தினமும் பார்ப்பேன். மார்கழியில் இடுப்பைப் பிடித்தாற்போல இருந்தது. தை கடைசியில் இடுப்பெலும்பு வரை இறங்கியது. ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கினேன். மாசி பிறந்து ஒரு வாரத்தில், நாற்காலியில் வைத்துத் தண்ணீர் ஊற்றும்போது தொடைக்கு வந்துவிட்டது. இன்னொரு முடிச்சுப் போட்டேன். எடை ஏறுகிறவனுக்கு அரைஞாண் இறங்குமா? கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டைப் பார்க்கிற கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன், கயிற்றைப் பார்க்கிற கண்ணை மூடிக்கொண்டேன். தெரியாமல் நடந்தது என்று இன்றைக்கு நான் யாரிடமும் சொல்ல முடியாது.

மேடையில் உட்காருகிற ஒவ்வொரு வெள்ளியும் அவர் முரண்டு பிடித்தார். இடது கையை நீட்டி அந்தப் பலகையைக் காட்டுவார். "ஐயோ, ஐயோ" என்பார். பலகை இன்னும் அதே இடத்தில்தான் கிடந்தது, தவிடு படிந்து. அண்ணாதுரை அதில் நிற்பதில்லை. மேடையை ஒட்டி அடுக்கியிருக்கிற காலிச் சாக்குக் கட்டுக்குப் பின்னால் நின்றுதான் எண்ணைப் படிப்பார். பழைய வேலை ஞாபகத்தில் ஏங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். "மொதல்ல நில்லுங்க. அப்பறம் வேலைக்கு வரலாம்" என்று அதட்டிக் கையைப் பிடித்து மடியில் வைப்பேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வையில் இருந்தது கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, கம்பியைப் பிடித்து நிற்கும்போது முட்டி மடங்கிச் சடாரென்று என் மேலேயே விழுந்தார். எலும்பு ஏதும் உடையவில்லை. எழில்மொழி அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, பையிலிருந்து டேப் எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தாள். இரண்டாவது தடவையும் அளந்தாள்.

"போன மாசம் இருபத்தொம்போது சென்ட்டிமீட்டரு. இப்ப இருபத்தேழு. எடை ரெண்டு கிலோவுக்கு மேல ஏறியிருக்கு. எங்கம்மா ஏறுச்சு அது?"

"எனக்கென்னம்மா தெரியும்."

"நீர் கோத்த மாதிரியும் இல்ல." காலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இந்த வெள்ளிக்கிழம எடை போட்டதும் அந்த நம்பர போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. நோட்டையும் சேத்து."

சரி என்றேன். அவள் போன பிறகு வெகுநேரம் அரைஞாணின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை. ஆறே முக்காலுக்கு மில்லில் இருந்தோம். களத்தில் நெல் காயப் போட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நானும் அண்ணாதுரையும் இவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். வழக்கமாக, எழில்மொழி பிடித்துப் பழகக் கொடுத்திருந்த நாலு கால் ஊன்றுகோலை நான் வாங்கிக்கொள்வேன், அதற்கும் ஒரு எடை இருக்கிறதே. அன்று கேட்டால் கொடுக்கவில்லை. இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"குடுங்க, டிராக்டர் வந்துரும்."

கோலைத் தூக்கினார். பலகை மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தவிட்டுத் தூசி பறந்தது. கோலைத் திருப்பி அண்ணாதுரையைக் காட்டினார். மறுபடி பலகையைத் தட்டினார். களத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அண்ணாதுரையின் முகத்தைப் பார்த்தேன். கறுத்துவிட்டது. அப்புறம் முதன்முறையாகக் குனிந்து, சாக்குக் கட்டுக்குப் பின்னால் பார்த்தேன். மேடையின் மூலையில் அவருடைய வலது காலின் கட்டைவிரல் இருந்தது.

"தம்பி" என்றேன்.

அவர் காலை எடுத்தார். சாக்குக் கட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பலகை மேல் ஏறி நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு காலும் தெரிந்தன.

அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் கோலை என்னிடம் நீட்டினார். அவராகவே கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவர் முதுகை நிமிர்த்த முயன்று, முடிந்த அளவுக்கு நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். எண் ஆடியது. ஐம்பதைத் தொட்டது, இறங்கியது, நின்றது. நாற்பத்தொன்பது எண்ணூற்றைம்பது.

அண்ணாதுரைக்கு வாய் வரவில்லை. நாற்காலியைக் கழிக்க வேண்டும். எனக்கும் கழிக்கத் தெரியும், ஆனால் கழிக்க மனசு வரவில்லை. யாராவது ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தால் தேவலை என்று இருந்தது.

"நாப்பத்தேழு..." என்று ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, துரு ஏறிய கதவைத் திறப்பதைப் போல. "நாப்பத்தேழு... நூறு."

சொன்னது அவர். நாலு மாதமாகச் சரியும் ஐயோவும் தவிர ஒன்றும் வராத வாய். பெண்டாட்டி பெயர் வரவில்லை, பெற்ற பெண்ணின் பெயர் வரவில்லை, எடை வந்தது. நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதவர் அவர்தான். தெரிந்தே கூவினார்.

அண்ணாதுரை பலகையை விட்டு இறங்காமலே அழுதார். "ஏறிடும்னு நெனச்சேன் அண்ணி. ரெண்டு வாரம் தள்ளுனா நெசமாவே ஏறிடும், அப்பறம் கால எடுத்துரலாம்னு நெனச்சேன். எறங்கிக்கிட்டே போச்சு. நானும் அழுத்திக்கிட்டே போனேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோலாலேயே அவரை நாலு போட்டிருப்பேன். ஆனால் அழுது அவரைத் தூண்டிவிட்டது யார்? இரண்டு முடிச்சைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது யார்? "நோட்ட எடுங்க தம்பி, எழுதுங்க" என்றேன். "என் கையால இனிமே எழுத மாட்டேன். பலகையில நிக்கிறவரு எழுதட்டும்."

அவர் எழுதினார். எழுதி முடித்து, இவரைத் தூக்கி சக்கர நாற்காலியில் வைத்தோம். தள்ளத் திரும்பினால், இவர் சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார். என்னைக் காட்டினார். மேடையைக் காட்டினார்.

"எனக்கெதுக்கு? வாங்க, வெயில் வந்துரும்."

விடவில்லை. களத்தில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருந்தது. செருப்பை விட்டு ஏறினேன். அவர் முதலில் அண்ணாதுரையின் காலைப் பார்த்தார். பலகை மேல் இருந்தது. பிறகு எண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாப்பத்தாறு... முந்நூறு."

பழக்க தோஷம், அண்ணாதுரை அதையும் நோட்டில் அவர் எடைக்குக் கீழே எழுதிவிட்டார். இவர் விழுந்த அன்று நான் ஐம்பத்தெட்டு கிலோ இருந்தேன். ஜாக்கெட்டெல்லாம் லூசாகிவிட்டது என்று தெரியும். தைக்க நேரமில்லை என்றுதான் அதைப் பற்றி நினைத்திருந்தேன்.

களத்து ஓரத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டு நோட்டைப் போட்டோ எடுத்து எழில்மொழிக்கு அனுப்பினேன். நம்பரைப் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"அஞ்சு வாரமா வயித்துல ஒண்ணுமில்லாத மனுஷன நிக்க வச்சிருக்கேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும். டியூப்புக்குப் பயந்துட்டேன். கைய கட்டுவாங்க."

"வயித்துல வைக்கிறதுக்குக் கைய கட்ட வேண்டாம்மா. சட்டைக்குள்ள இருக்கும். மூக்குல உறுத்துற மாதிரி இருக்காது. வேண்டிய சத்து அது வழியா போயிரும். வாயாலயும் ருசிக்குக் கொஞ்சம் கொஞ்சம் குடுக்கலாம். எடை ஏறுனதும் எடுத்துரலாம். திங்கக்கிழம தஞ்சாவூர் போங்க, நான் டாக்டருகிட்ட பேசுறேன். அதுவரைக்கும் எக்சர்சைஸ் வேண்டாம், படுத்துக்கிட்டே கைய கால அசைச்சா போதும்."

சரி என்றேன். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஊட்டுவது குறையும் என்று ஒரு நினைப்பு ஓடியது. உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிக்காக உடனே வெட்கப்பட்டேன்.

"ஏம்மா, நோட்டுல கீழ இன்னொரு எடை இருக்கே. அது யாரோடது?"

"என்னோடது."

"அவருக்கு என்ன குடுக்கணும்னு நான் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். உங்கள நீங்க சாப்டீங்களான்னு ஒரு நாளும் கேக்கல" என்றாள். போனை வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளினேன். ரோட்டைத் திட்டக்கூட அன்று தெம்பில்லை.

மத்தியானம் வழக்கம்போலப் பருப்பும் முட்டையும் போட்டுச் சோற்றைக் குழையப் பிசைந்தேன். தலையணை கொடுத்து நிமிர்த்தினேன். கரண்டியை வாயருகே கொண்டுபோனால் வாய் திறக்கவில்லை. என் மணிக்கட்டை இடது கையால் பிடித்து, கரண்டியை என் பக்கம் திருப்பினார்.

"வெளையாட இதான் நேரமா? ஆறிப்போகுது, வாங்குங்க."

பிடியை விடவில்லை. மெலிந்த கையில் எங்கிருந்துதான் அத்தனை பலமோ. எரிச்சலோடு அந்தக் கரண்டியை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

உப்பே இல்லை. முட்டையின் கவிச்சு வாடையும் குழைந்த பருப்பும் நாக்கில் அப்பிக்கொண்டன. ருசி என்று எதுவும் கிடையாது. நல்ல தொண்டை இருக்கிற எனக்கே இறங்கவில்லை. எழுந்து போய் டாக்டர் சீட்டை எடுத்துப் பார்த்தேன். உப்பு குறைவாக என்றுதான் எழுதியிருந்தது. அறவே கூடாது என்று முடிவு கட்டியது நான். இரண்டு மாதம், நாளுக்கு நாலு வேளை, இதைத்தான் வைத்து ஊட்டிவிட்டு, "முழுங்குங்க, முழுங்குங்க" என்று அதட்டியிருக்கிறேன். ஒரு தடவை கூட நான் ருசி பார்க்கவில்லை. அவர் ஒரு தடவை கூட முகத்தைச் சுளிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் சரி என்றார்.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி உப்பு ஜாடியை இறக்கினேன். ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மறுபடி பிசைந்தேன். முதல் கரண்டியை நான் சாப்பிட்டேன். நான் விழுங்குகிறேனா என்று பார்த்துவிட்டு, தாடையை நெஞ்சில் தாழ்த்தி, அவர் வாயைத் திறந்தார்.